பார்க்கிங்கில் கம்பி நட்டால் 1200 அடியில் தண்ணீர் தெரியுமா?

பெங்களூருவின் ஹொரமாவில் 24 வீடுகள் உள்ள ஓர் அபார்ட்மெண்ட் சங்கத்தின் கேள்வி இது. அவர்களுடைய 850 அடி போர்வெல் வற்றிவிட்டது. சர்வே செய்ய வந்த ஒருவர், பார்க்கிங் இடத்தில் கம்பிகள் நட்டு ‘எலக்ட்ரிக்கல் இமேஜிங்’ எடுப்பதாகச் சொல்கிறார். 1200 அடி வரை எங்கே தண்ணீர் இருக்கிறது என்று கலர் படமாகவே தந்துவிடுவாராம். மனை 100க்கு 120 அடி. இதை நம்பிப் பணம் கட்டலாமா, இந்த முறை உண்மையில் எதைக் காட்டும் என்று கேட்டிருக்கிறார்கள்.

முதல் கேள்விக்குப் பதில் சுருக்கமானது: கட்ட வேண்டாம். அந்த மனைக்குள் நின்றுகொண்டு இந்த முறையால் 1200 அடியைப் பார்க்க முடியாது. எவ்வளவு விலை உயர்ந்த கருவி வந்தாலும் முடியாது. இரண்டாவது கேள்விக்குத்தான் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். ஏனென்றால் இப்படிக் கம்பி நட்டு மின்தடைப் படம் எடுப்பது ஏமாற்று வேலை அல்ல. மேலே உள்ள 10, 20, 40 மீட்டர் மண்ணையும் பாறையையும் தோண்டாமலே அறிந்துகொள்ள மிக நல்ல வழி அது. அதில் தெரியாத ஆழத்துக்கெல்லாம் அதை விற்பதால்தான் அதன் பெயர் கெடுகிறது. அந்த வருத்தத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

செய்முறை எளிது. தரையில் நான்கு உலோகக் கம்பிகளை ஒரே கோட்டில் நடுவார்கள். வெளியே உள்ள இரண்டின் வழியாக மின்னோட்டத்தைச் செலுத்தி, உள்ளே உள்ள இரண்டுக்கும் இடையே எவ்வளவு மின்னழுத்தம் எழுகிறது என்று அளப்பார்கள். பள்ளியில் படித்த ஓம் விதிதான். நான்கு கம்பிகளையும் சம இடைவெளியில் நடுவது வென்னர் அமைப்பு. அமெரிக்காவில் ஃபிராங்க் வென்னர் 1915 வாக்கில் வகுத்தது. அதற்குச் சற்று முன்பே, 1912இல், பிரான்சின் நார்மண்டியில் கொன்ராட் ஷ்லம்பெர்ஜர் தரைக்குள் மின்னோட்டம் பாய்ச்சித் தாது தேடும் சோதனைகளைத் தொடங்கியிருந்தார். நம் ஊர் எலக்ட்ரீஷியன்கள் பெரிய கட்டடங்களுக்கு எர்த்திங் போடும்முன் மண்ணின் மின்தடையைப் பார்ப்பதும் இதே நான்கு கம்பி முறையில்தான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். கம்பிகளுக்கு இடையே 5 மீட்டர். 100 மில்லிஆம்பியர் செலுத்தினால் அரை வோல்ட் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை வோல்ட்டை 0.1 ஆம்பியரால் வகுத்தால் 5 ஓம். அதை 2 பை (6.28), அப்புறம் 5 மீட்டர், இரண்டாலும் பெருக்கினால் சுமார் 157 ஓம் மீட்டர். இதுதான் அந்த இடத்தின் தோற்ற மின்தடை எண். தோற்றம் என்று சொல்லக் காரணம் உண்டு. மின்னோட்டம் கடந்துபோன களிமண், ஈரமண், பாறை எல்லாம் கலந்த ஒற்றை எண் அது. எந்த ஓர் அடுக்கின் உண்மையான எண்ணும் அல்ல.

கம்பிகளுக்கு இடையே உள்ள தூரத்தைக் கூட்டினால் மின்னோட்டம் இன்னும் ஆழமாக வளைந்து போகும். கோட்டிலேயே நான்கையும் நகர்த்தினால் பக்கவாட்டில் என்ன மாறுகிறது என்று தெரியும். முன்பு இதை ஆட்கள் கம்பியைப் பிடுங்கிப் பிடுங்கி நட்டுச் செய்தார்கள். இப்போது 24, 48, 72 என்று கம்பிகளை ஒரே கேபிளில் இணைத்துவிட்டால், எந்த நான்கை எப்போது இயக்குவது என்பதைப் பெட்டியே பார்த்துக்கொள்ளும். 48 கம்பிகளை வென்னர் முறையில் எல்லா இடைவெளிகளிலும் இயக்கினால் 360 அளவீடுகள் கிடைக்கும். அவற்றிலிருந்துதான் படம் உருவாகிறது.

இனி ஆழத்துக்கு வருகிறேன். உங்கள் பணத்தைக் காப்பாற்றப் போவது இந்தப் பகுதிதான்.

ஒரே சீரான நிலத்தில் இரண்டு மின்முனைகள் 100 மீட்டர் இடைவெளியில் இருந்தால், நடுவில் பாயும் மின்னோட்டத்தில் பாதி மேல் 50 மீட்டருக்குள்ளேயே போய்விடும். ஆழம் போகப் போக மிச்சம் குறையும். அளவீட்டில் எந்த ஆழத்தின் குரல் ஓங்கி ஒலிக்கிறது என்று கணக்கிட்டால், வென்னர் அமைப்பில் அது மொத்த நீளத்தில் ஏறத்தாழ 17 சதவீதம். மற்ற அமைப்புகளில் சற்றுக் கூடலாம், குறையலாம். களத்தில் வேலை செய்பவர்கள் கம்பிகள் நட்ட கோட்டின் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு என்று நினைவில் வைத்துக்கொள்கிறோம்.

உங்கள் மனையின் மிக நீண்ட கோடு அதன் மூலைவிட்டம். 100க்கு 120 அடி மனையில் அது 156 அடி, அதாவது சுமார் 47 மீட்டர். நடுவில் கட்டடம் இருப்பதால் அதுவும் முழுசாகக் கிடைக்காது. கிடைத்தாலும் தெரியும் ஆழம் 8, 9 மீட்டர்தான். அடியில் சொன்னால் 30 அடிக்குள். 1200 அடி என்பது 366 மீட்டர். அந்த ஆழத்துக்கு ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளக் கேபிளை நேர்கோட்டில் இழுக்க வேண்டும். ஹொரமாவில் ரயில் பாதையையும் தெருக்களையும் வீடுகளையும் கடந்து அதை யார் இழுக்கப் போகிறார்கள்?

அப்படியே இழுத்தாலும் இன்னொரு சிக்கல் வரும். 100 ஓம் மீட்டர் நிலத்தில் 100 மில்லிஆம்பியர் செலுத்தினால், 5 மீட்டர் இடைவெளியில் 318 மில்லிவோல்ட் கிடைக்கும். 100 மீட்டர் இடைவெளியில் அது 16 மில்லிவோல்ட்டாகிவிடும். நகரத்துத் தரையில் எப்போதும் அலையும் மின்சாரத்துக்கு நடுவே இந்தச் சிறிய சமிக்ஞையைப் பிரித்தெடுக்க வேண்டும். தவிர, ஆழம் கூடக் கூடப் படத்தின் நுணுக்கமும் மங்கும். நம் கடினப்பாறையில் தண்ணீர் வருவது குறுகிய வெடிப்புகளில். 300 மீட்டர் ஆழத்தில் இருக்கும் அப்படி ஒரு வெடிப்பு, தரைமேல் எடுத்த மின்தடைப் படத்தில் எந்தத் தடயமும் விடாது. இது கருவியின் குறை அல்ல, இயற்பியல் அப்படி.

பெங்களூருவின் நிலம் எப்படிப்பட்டது என்று தெரிந்தால் இந்த முறையின் உண்மையான மதிப்பு புரியும். லால்பாக்கில் மக்கள் ஏறி உட்காரும் அந்தப் பெரிய பாறையைப் பார்த்திருப்பீர்கள். தீபகற்ப நைஸ் என்னும் பாறை வகை அது, சுமார் 300 கோடி ஆண்டுப் பழமை. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை அதைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. ஊரின் பெரும்பகுதிக்கு அடியில் இருப்பது அந்தக் குடும்பத்துப் பாறைதான். ஆனால் எல்லா இடத்திலும் அது வெளியே தெரிவதில்லை. மேலே சிவப்பு மண், அதன் கீழே பாறை அழுகிச் சிதைந்து உருவான முரம்பு போன்ற அடுக்கு, அதன் கீழே வெடிப்புகள் நிறைந்த பாறை, கடைசியில் உறுதியான புதுப்பாறை என்று போகும். சிதைந்த அடுக்கு ஓரிடத்தில் 5 மீட்டர் இருக்கும், அடுத்த தெருவில் 25 மீட்டர் இருக்கும். மழைநீரை ஈரத்துணி போலப் பிடித்துவைத்துக் கீழே உள்ள வெடிப்புகளுக்கு மெல்லக் கொடுப்பது இந்த அடுக்குதான். நாம் ஆயிரம் அடி போர்வெல்லைப் பற்றியே பேசிப் பேசி இதை மறந்துவிட்டோம்.

மின்தடைப் படம் மிக நன்றாகக் காட்டுவது இதே அடுக்கைத்தான். உறுதியான நைஸ் பாறையின் மின்தடை எண் ஆயிரக்கணக்கான ஓம் மீட்டரில் இருக்கும். சிதைந்த, ஈரமான பாறைக்குப் பத்துகளில் தொடங்கி ஓரிரு நூறு வரை போகும். இரண்டுக்கும் இவ்வளவு பெரிய வித்தியாசம் இருப்பதால் பாறை எங்கே தொடங்குகிறது என்பது படத்தில் தெளிவாக விழும். சிதைவுக்கு நடுவே அழுகாமல் மிஞ்சிய உருண்டைப் பாறைகள் இருந்தால் அவையும் தெரிய வாய்ப்பு உண்டு. அடித்தளம் தோண்டுபவர்களுக்கு இந்த உருண்டைகள் பெரிய தலைவலி. ஒரே ஒரு துளை போட்டுப் பார்த்து, 6 மீட்டரில் பாறை கிடைத்துவிட்டது என்று எழுதிவிடுவார்கள். அது அடிப்பாறையா, கார் அளவு தனிக்கல்லா என்பது அந்த ஒரு துளையிலிருந்து தெரியாது. நம்ம மெட்ரோ சுரங்க வேலையில் இயந்திரங்கள் திணறியதும் இதனால்தான். ஒரே முகப்பில் பாதி மண்ணும் பாதி கரும்பாறையும் வந்தால் வெட்டுபற்கள் தேயும், மேலே தரை உள்வாங்கும் அபாயமும் உண்டு.

ஏரி மூடிய நிலங்களும் இந்த ஊரின் தனி விஷயம். மெஜஸ்டிக் பஸ் நிலையம் இருப்பது தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில். கண்டீரவா ஸ்டேடியம் இருப்பது சம்பங்கி ஏரியில். இப்படி மூடப்பட்ட ஏரிகளின் அடியில் நூற்றாண்டுகளாகப் படிந்த களியும் வண்டலும் இருக்கும், அதன்மேல் கட்டட இடிபாடுகளைக் கொட்டியிருப்பார்கள். களி மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். இடிபாடு வறண்டிருந்தால் கடத்தாது. எனவே பழைய ஏரியின் கரை எங்கே முடிகிறது, நிரப்பிய மண் எவ்வளவு தடிமன் என்பதை இந்தப் படம் எடுத்துக்காட்டும். வீட்டுச் சுவர் ஒரு பக்கம் மட்டும் விரிசல் விட்டால் அல்சூர், கோரமங்களா பக்கத்து நண்பர்களிடம் நான் முதலில் கேட்பது பழைய வரைபடத்தில் அங்கே என்ன இருந்தது என்பதைத்தான். அப்புறம் வேண்டுமானால் படம் எடுக்கலாம்.

சரி, தண்ணீர் என்று எதைக் காட்டுகிறார்கள்? பிரபலமான மென்பொருள்களில் மின்தடை குறைந்த இடம் நீல நிறத்தில் வரும். நீலத்தைக் கண்டதும் மனம் தண்ணீர் என்று படித்துவிடுகிறது. அறிக்கை எழுதுபவரும் அங்கே ஓர் அம்புக்குறி போட்டு ‘போர் பாயிண்ட்’ என்று எழுதிவிடுகிறார். ஆனால் கருவி தண்ணீரை அளக்கவில்லை. மின்சாரம் எவ்வளவு எளிதாகப் போகிறது என்பதை மட்டும் அளக்கிறது. நல்ல நிலத்தடி நீரின் மின்தடை எண் 10இலிருந்து 100 ஓம் மீட்டர் வரை இருக்கலாம். களிமண்ணின் எண்ணும் அதே எல்லைக்குள் வரும். களியில் தண்ணீர் இருந்தும் பயன் இல்லை, அது வெளியே விடாது. சாக்கடை கசிந்த மண், உப்பு சேர்ந்த மண், இரும்புக் குழாய், எர்த்திங் தகடு, கட்டடத்தின் அடித்தளக் கம்பி எல்லாமே படத்தில் நீலம்தான். வெப்பநிலை ஒரு டிகிரி மாறினாலே எண் சுமார் 2 சதவீதம் மாறும். எங்கள் கோலார் பக்கத்துக்குப் போனால் தாதுக்களே மின்சாரம் கடத்தும். தண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது.

இன்னொன்றையும் கவனியுங்கள். நிற அளவுகோலை மென்பொருள் ஒவ்வொரு கோட்டுக்கும் தானாகவே மாற்றிக்கொள்ளும். ஒரு படத்தில் நீலம் 20 ஓம் மீட்டராக இருக்கும், அடுத்ததில் அதே நீலம் 300ஆக இருக்கும். 300 என்பது பெரும்பாலும் பாறையை நெருங்கும் வறண்ட சிதைவு. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் நீலம் இருக்கிறதே என்று முடிவெடுத்தால் பணம் பாறையில்தான் போகும். எல்லாக் கோடுகளுக்கும் ஒரே அளவுகோலில் படம் கேளுங்கள். இதை மட்டும் கேட்டாலே எதிரில் இருப்பவருக்கு வேலை தெரியுமா என்று பாதி தெரிந்துவிடும்.

படம் எப்படி வருகிறது என்பதிலும் ஓர் ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது. அளவீடுகள் நேராகப் படமாவதில்லை. நிலம் இப்படி இருக்கலாம் என்று கணினி ஒரு மாதிரியை எடுத்துக்கொண்டு, அந்த நிலத்தில் இந்த அளவீடுகள் எப்படி வந்திருக்கும் என்று கணக்கிட்டு, உண்மையான அளவீடுகளோடு ஒப்பிட்டு, திருத்தித் திருத்திப் போகும். இதை இன்வெர்ஷன் என்கிறோம். லோக்கும் பார்க்கரும் 1996இல் வெளியிட்ட வேகமான கணக்குமுறைக்குப் பிறகுதான் சாதாரண கணினியிலேயே இது எளிதானது. பொருத்தம் எவ்வளவு என்று ஒரு பிழைச் சதவீதம் தருவார்கள். பிழை 3 சதவீதம்தான் என்று சொல்லிப் பெருமைப்படுவார்கள். குறைந்த பிழை நல்லதுதான், ஆனால் ஒரே அளவீடுகளுக்குப் பல நிலங்கள் பொருந்தும். 2 மீட்டர் தடிமனுள்ள 20 ஓம் மீட்டர் களியும், 1 மீட்டர் தடிமனுள்ள 10 ஓம் மீட்டர் களியும் தரைமேலிருந்து பார்த்தால் ஏறத்தாழ ஒன்றே. எது உண்மை என்று படத்தைக் கேட்டால் பதில் வராது. ஒரு துளையைத்தான் கேட்க வேண்டும். பிடிக்காத அளவீடுகளையெல்லாம் நீக்கிவிட்டுப் பிழையைக் குறைத்துக் காட்டுவதும் நடக்கும். அதனால் எத்தனை அளவீடுகளை நீக்கினார்கள் என்று கேட்பது உங்கள் உரிமை.

கணக்கு இரண்டு பரிமாணத்தில் நடக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. கோட்டுக்கு அடியில் மட்டும்தான் எல்லாம் இருக்கிறது, பக்கவாட்டில் எதுவும் மாறவில்லை என்று எடுத்துக்கொள்கிறது. உங்கள் பார்க்கிங்கில் கோட்டுக்கு இரண்டு மீட்டர் தள்ளி நிலத்தடித் தொட்டி இருக்கும், இன்னொரு பக்கம் கழிவுநீர் சுத்திகரிப்புத் தொட்டி இருக்கும். மின்னோட்டம் பக்கவாட்டிலும் போகும். அந்தத் தொட்டிகளின் நிழல் படத்தில் கோட்டுக்கு அடியில் 4 மீட்டர் ஆழத்தில் ஏதோ இருப்பது போலத் தெரியும். ஒன்றையொன்று வெட்டும் இரண்டு கோடுகள் எடுத்து, வெட்டும் இடத்தில் இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தால் இது பிடிபடும்.

நகரத்தில் அளப்பதன் மற்ற தொல்லைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்டர்லாக் கல் பதித்த இடத்தில் ஒரு கல்லைப் பெயர்த்துக் கம்பியை மண்ணில் நட்டுவிடலாம், பிறகு கல்லைத் திருப்பி வைத்துவிடலாம். கான்கிரீட் ஸ்லாப் என்றால் கடினம். உள்ளே கம்பி வலை இருந்தால் மின்னோட்டம் அதிலேயே ஓடிவிடும், அங்கே எடுக்காமல் இருப்பதே நல்லது. கோடையில் மேல்மண் காய்ந்திருக்கும்போது ஒவ்வொரு கம்பியின் அடியிலும் உப்புத்தண்ணீர் ஊற்றித் தொடர்பைச் சரிசெய்ய வேண்டும். 50 ஹெர்ட்ஸ் மின்கம்பிகளின் இரைச்சலுக்காக ஒவ்வொரு அளவீட்டையும் பலமுறை எடுத்துச் சராசரி பார்ப்பார்கள், மின்னோட்டத்தின் திசையையும் மாற்றி மாற்றிச் செலுத்துவார்கள். மெட்ரோ பாதைக்கு அருகில் கூடுதல் கவனம் வேண்டும். நம்ம மெட்ரோ 750 வோல்ட் நேர்திசை மின்சாரத்தில் (DC) ஓடுகிறது, அதிலிருந்து தரையில் கசிவது அளவீட்டைக் குலைக்கும். அக்கறையுள்ள குழு இன்னொரு சோதனையும் செய்யும். மின்னோட்டக் கம்பிகளையும் மின்னழுத்தக் கம்பிகளையும் இடம்மாற்றி அளந்து பார்க்கும். விதிப்படி இரண்டும் ஒரே விடை தர வேண்டும். தராவிட்டால் அந்த அளவீட்டை நம்ப முடியாது.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், குறிப்பாக அபார்ட்மெண்டில். இந்தக் கருவிகள் சில நூறு வோல்ட் வரை கொடுக்கும். அளக்கும் நேரத்தில் குழந்தைகளும் நாய்களும் கோட்டின் பக்கம் வராமல் ஒருவர் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும். மழை தூறினால் நிறுத்திவிட வேண்டும்.

இப்போது உங்கள் மனைக்கு வருவோம். 8, 9 மீட்டர்தான் தெரியும் என்றேன். அந்த ஆழம் உங்களுக்கு வீணானது அல்ல. மழைநீரை நிலத்துக்குள் இறக்கப் பெங்களூருவில் வெட்டப்படும் மறுசெறிவுக் கிணறுகள் பொதுவாக 3 முதல் 5 அடி விட்டமும் 20 முதல் 30 அடி ஆழமும் கொண்டவை. உங்கள் மனையில் மின்தடைப் படம் தெளிவாகக் காட்டும் ஆழமும், அந்தக் கிணறு போகும் ஆழமும் ஒன்றேதான். சிதைந்த பாறை எந்த மூலையில் தடிமனாக இருக்கிறது, எங்கே களி குறைவு, எங்கே 3 மீட்டரிலேயே கரும்பாறை தட்டும் என்று அது சொல்லிவிடும். கரும்பாறை தட்டும் இடத்தில் வெட்டினால் தண்ணீர் இறங்காமல் தேங்கி நிற்கும். கொஞ்சம் தள்ளி வெட்டியிருந்தால் வேகமாக இறங்கியிருக்கும். பெங்களூருவில் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 970 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. உங்கள் மனைமேல் மட்டும் ஆண்டுக்கு 10 லட்சம் லிட்டருக்கு மேல் விழுகிறது. 12,000 லிட்டர் டேங்கர் கணக்கில் அது 90 லோடு. எல்லாவற்றையும் பிடிக்க முடியாது, ஆவியாவது போக, வடிகட்டியில் வீணாவது போக மிஞ்சுவதே பெரிய தொகை.

1200 அடி தோண்டுவதை நான் ஏன் இவ்வளவு எதிர்க்கிறேன் என்று சிலர் நினைக்கலாம். 2024 கோடையில் நகரில் அரசு கணக்கிலிருந்த சுமார் 13,900 போர்வெல்களில் 6,900 வற்றிவிட்டதாக மாநில அரசே சொன்னது. அந்த ஆண்டு அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கி, நாளுக்கு 77.5 கோடி லிட்டர் கூடுதலாக வரும் என்று அறிவித்தார்கள். நகரத்தோடு சேர்ந்த 110 கிராமங்களுக்கான தண்ணீர் அது. ஹொரமாவும் அந்தப் பக்கத்து ஊர்தான். உங்கள் இணைப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று நீர்வாரியத்தில் விசாரிப்பது போர் போடுவதைவிட முதலில் செய்ய வேண்டியது. போர் போடுவதற்கும் இப்போது முன்அனுமதி வாங்கியாக வேண்டும்.

போர்வெல் கட்டாயம் வேண்டும் என்று உறுப்பினர்கள் முடிவெடுத்தால், அப்போதும் ஆழமில்லாத படம் மறைமுகமாக உதவும். பாறையில் செங்குத்தாக நொறுங்கிய பட்டைகள் இருக்கும் இடத்தில் சிதைவு ஒரு பள்ளம் போல ஆழமாக இறங்கியிருக்கும். அந்தப் பள்ளத்தைப் படம் பிடிக்கும். அங்கே தோண்டினால் வெடிப்பு கிடைக்கும் வாய்ப்பு கூடுகிறது. அது உறுதி அல்ல. அதேபோல நைஸ் பாறையை வெட்டிக்கொண்டு செல்லும் கறுப்பு டோலரைட் பாறைச் சுவர்கள் நிலத்தடி நீரைத் தடுத்து நிறுத்தும் இடங்கள் உண்டு. அதன் எந்தப் பக்கத்தில் தோண்டுகிறோம் என்பது முக்கியம். ஆனால் இதற்கு மனைக்குள் எடுக்கும் 40 மீட்டர் கோடு போதாது. பக்கத்துத் திறந்தவெளியில், உரிய அனுமதியோடு ஏரிக்கரை ஓரத்தில், 235 மீட்டர் கோடு போட்டால் 48 கம்பிகளை 5 மீட்டர் இடைவெளியில் நடலாம். அது சுமார் 40 மீட்டர் ஆழம் காட்டும். அந்தச் செலவை ஒரு தெருவோ நாலு அபார்ட்மெண்டுகளோ பகிர்ந்துகொண்டால் எல்லோருக்கும் பயன்படும்.

படத்தைச் சரிபார்க்க உங்களிடமே ஒரு சாட்சி இருக்கிறது. பழைய போர்வெல்லின் கேசிங் பைப் எத்தனை அடி? போர் வண்டிக்காரர்கள் மண்ணும் சிதைந்த பாறையும் சரியாமல் இருக்கத்தான் கேசிங் இறக்குவார்கள், உறுதியான பாறை வந்ததும் நிறுத்திவிடுவார்கள். எனவே கேசிங் நீளம் அந்த இடத்தில் சிதைவு எவ்வளவு என்பதற்கு நல்ல மதிப்பீடு. பழைய பில்லில் அது எழுதியிருக்கும், கேசிங்குக்குத் தனியாக அடிக்கணக்கில் பணம் வாங்கியிருப்பார்கள். கோட்டை அந்தப் போர்வெல் பக்கத்தில் போகும்படி போடச் சொல்லுங்கள். கேசிங் இரும்பாக இருந்தால் சில மீட்டர் தள்ளி. படம் பாறை தொடங்குவதாகக் காட்டும் ஆழமும் கேசிங்கும் ஒத்துப்போனால் மற்ற இடங்களிலும் படத்தை நம்பலாம். ஒத்துப்போகாவிட்டால் ஏன் என்று அவர் விளக்க வேண்டும். கேசிங் படத்தின் ஆழத்தைவிட நீளமாக இருந்தால், உங்கள் மனையில் சிதைவு நன்றாகவே ஆழமாக இருக்கிறது என்று அர்த்தம். மறுசெறிவுக் கிணற்றுக்கு அது நல்ல செய்தி.

களியா தண்ணீரா என்ற சந்தேகம் பெரிதாக இருந்தால், அதே கேபிளில் தூண்டு முனைவாக்கம் என்ற இன்னோர் அளவீட்டையும் எடுக்கச் சொல்லலாம். மின்னோட்டத்தை நிறுத்திய பிறகும் நிலத்தில் மின்னழுத்தம் எவ்வளவு நேரம் மிஞ்சுகிறது என்று பார்ப்பது அது. களி கலந்த மண் அதைக் கொஞ்ச நேரம் பிடித்துவைத்திருக்கும், சுத்தமான மணலும் வெடிப்பில் உள்ள தண்ணீரும் அவ்வளவு பிடிக்காது. அடித்தளப் பிரச்சினைக்கு என்றால் நில அதிர்வு அலைகளை அளக்கும் முறையைச் சேர்த்துக்கொள்வது நல்லது. பெங்களூருவின் நிலநடுக்க நுண்மண்டல ஆய்வுக்கு இந்திய அறிவியல் கழகத்தின் குழு நகரின் பல இடங்களில் அந்த முறையில்தான் மண்ணின் உறுதியை அளந்தது. மின்தடை எண் மண் எவ்வளவு கெட்டியானது என்று நேராகச் சொல்லாது, அலைவேகம் சொல்லும்.

வந்த சர்வேக்காரரிடம் நேராகக் கேளுங்கள்: கோட்டின் நீளம் எத்தனை மீட்டர், கம்பி இடைவெளி எவ்வளவு, எந்த அமைப்பில் அளக்கப் போகிறீர்கள், 1200 அடி என்ற எண் எங்கிருந்து வந்தது? நீளத்துக்கும் ஆழத்துக்கும் உள்ள தொடர்பை அவரே சொல்லி, உங்கள் மனையில் 30 அடிதான் தெரியும் என்று ஒப்புக்கொண்டால் அவரிடம் வேலை கொடுக்கலாம். நல்ல குழுக்கள் அப்படித்தான் பேசும். நீளத்தைப் பற்றிக் கேட்டால் கருவியின் விலையையும் வெளிநாட்டுப் பெயரையும் சொல்பவரிடம் கொடுக்க வேண்டாம். ஒப்பந்தத்தில் மூல அளவீட்டுக் கோப்பையும் உங்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்று எழுதிவிடுங்கள். படம் அவருடைய விளக்கம், அளவீடு உங்கள் நிலத்தின் பதிவு. இரண்டு வருஷம் கழித்து வேறொருவர் அதே கோப்பை எடுத்து, அப்போது கிடைத்திருக்கும் கிணற்றுத் தகவலோடு சேர்த்து மறுபடியும் கணக்குப் போட முடியும்.

வேலையை எப்போது வைத்துக்கொள்வது என்றால், மறுசெறிவுக் கிணற்றுக்காக எடுப்பதானால் பருவமழைக்கு முன் ஒருமுறையும், நல்ல மழைக்குப் பின் அதே கம்பி இடங்களில் இன்னொரு முறையும் எடுங்கள். கம்பி நட்ட இடங்களைப் பெயின்ட்டால் குறித்து வையுங்கள். களியும் பாறையும் இரண்டு படத்துக்கும் இடையில் பெரிதாக மாறாது. தண்ணீர் உள்ளே இறங்கிய இடத்தில்தான் மின்தடை எண் தெளிவாகக் குறைந்திருக்கும். நிலம் தண்ணீரை எங்கே உள்ளே விடுகிறது என்பது அந்த வித்தியாசத்தில் தெரியும், கிணற்றை அங்கே வெட்டுங்கள். கழிவுநீர்த் தொட்டியிலிருந்து விலகி, கூரைத் தண்ணீர் மட்டும் வடிகட்டி வழியாக வரும்படி.